நீரோட்டம் தேடி ஒரு சுழலி

ஸ்காட்லாந்தின் வடகரைக்கும் ஸ்ட்ரோமா தீவுக்கும் நடுவே ஒரு நீரிணை. ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் கடல் அங்கே ஆற்றுவெள்ளம் போலப் பாய்கிறது. அதன் அடித்தரையில் தலா 1.5 மெகாவாட் திறனுள்ள நான்கு சுழலிகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். மேஜென் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர்.

இப்படிச் சுழலிக்கு இடம் பார்க்கும்போது முதல் கணக்கு வேகம்தான். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிவிடும்! அதனால், சற்றே தள்ளி நிறுத்தினாலும் கிடைக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையலாம்.

சரி, வேகம் இருந்தால் போதுமா? கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 2009-இல் இறக்கிய சுழலியின் இறக்கைகளை, எதிர்பார்த்ததைவிட வலிய நீரோட்டம் சில வாரங்களிலேயே உடைத்துப்போட்டது. கடலடியில் கருவிகளை வைத்து, வேகத்தையும் சுழிப்பையும் பொறுமையாக அளந்தே ஆக வேண்டும். இதில் அவசரப்படுவது எனக்குச் சம்மதமில்லை.

பிறகு, மேலே கப்பல் போக ஆழம் வேண்டும். கரையில், எட்டும் தூரத்தில் மின்தடம் வேண்டும். அங்கே வாழும் உயிர்களையும் பார்க்க வேண்டும். வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியில் 2008-இல் நிறுவிய சுழலியை, அது இயங்கிய காலத்தில், சீல்கள் நெருங்கி வந்தபோது நிறுத்திவந்தார்கள்.