அயல்நாட்டு உத்தியோகப் பேட்டியில் வாய்மை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

சபையோர்களே! அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பயின்று அங்கேயே உத்தியோகம் நாடும் நம் வாலிபர்கள், பேட்டியில் பிரஜாவுரிமையைப் பற்றிய வினா எழுந்தவுடன் மனங்கலங்குகின்றனர். அவர்கள்பொருட்டுச் சில கூறுவோம்.

வேலை கொடுப்போர் சாதாரணமாகக் கேட்பவை இரண்டு. “இங்கு வேலைசெய்யச் சட்டப்படி அனுமதியுண்டா?” என்பது ஒன்று. ஓ.பி.டி. அனுமதி கைவரப்பெற்ற மாணவர் ‘உண்டு’ என்றே கூறலாம். “இப்பொழுதோ பின்னரோ விசாவுக்கு எமது ஆதரவு வேண்டுமோ?” என்பது மற்றொன்று. பின்னர் எச்-1பி விசா வேண்டுவோர் இதற்கு ‘ஆம்’ என்றே கூறல்வேண்டும். அவ்விசாவுக்குப் பொதுவாக ஆண்டொன்றுக்கு 65,000 பேர், அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றோர் பின்னும் 20,000 பேர் என வரம்புண்டு. ஆதலின் அதனை முன்னரே அறிய விரும்புதல் குற்றமன்று.

பிறந்த தேசம் எதுவென வினவின், சினவாது, தமக்குள்ள வேலை அனுமதியை மட்டும் எடுத்துரைத்தல் நலம். பத்திரங்களைக் காட்டுவது, வேலை கிடைத்தபின் நிரப்பும் ஐ-9 படிவத்தின்பொருட்டே. அப்படிவத்தில் தம்மைப் பிரஜையென்று பொய்யாக எழுதுவோர், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டில் நுழையும் தகுதியையே ஆயுள் முழுதும் இழக்க நேரும்.

பெற்றோர்களே! ஊதியம் தாமதிப்பினும் பிள்ளைகளை நெருக்காதீர்கள். கடன்பட்டு அனுப்பிய நம் கவலை அவர்களைப் பொய்க்குத் தூண்டலாகாது. வேலை ஒன்று போயின் வேறொன்று வரும். இழந்த தகுதி மீளாதென்பதை நினைவிற் கொள்வோமாக.