ஜேனை ஏன் அடித்தார்கள்?



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆங்கில நாவலைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களானால், விடை இல்லை. ஆயினும், சார்லட் பிராண்டே என்னும் அம்மையார் 1847-இல் புனைபெயரில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ என்ற நூலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரு முறை படித்திருக்கிறேன். அந்தத் துணிவில் நிற்கிறேன்.

ஜேன் பத்து வயதுச் சிறுமி; தாய் தந்தையற்றவள். அவளை எடுத்து வந்த தாய்மாமன் ரீட் துரையும் காலமாகிவிட்டார். மாமியின் வீட்டில் வளர்கிறாள். (அத்தை, மாமி, சித்தி எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், உறவு விளங்க எனக்கு நாலு பக்கம் பிடித்தது!) குளிர்கால மழைநாளில், திரைக்குப் பின்னால் ஒளிந்து பறவைப் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமன் மகன் ஜான், பதினான்கு வயதினன், அவளை வெளியே அழைத்து அடிக்கிறான். அந்தப் புத்தகத்தையே அவள்மீது வீசுகிறான். கதவில் மோதித் தலையில் இரத்தம் வடிகிறது. அவள் எதிர்த்துப் போராடினாள் என்று, மாமன் உயிர்விட்ட அறையில் அவளையே அடைத்துப் பூட்டுகிறார்கள்.

முதல்முறை படித்தபோது, ஜான் பிறவியிலேயே துஷ்டன் என்று முடிவு கட்டினேன். மறுமுறைதான் அவன் பேச்சைக் கவனித்தேன். நீ எங்களை அண்டிப் பிழைப்பவள், உன் தந்தை காசு வைத்துப் போகவில்லை, எங்கள் தாயின் செலவில் உண்டு உடுக்கிறாய் என்கிறான். பள்ளிப் பையனுக்கு இந்தச் செலவுக் கணக்கு எப்படித் தெரிந்தது? அம்மா சொல்கிறாள் என்று அவனே சொல்லிவிடுகிறான். சகோதரியர் எலைசாவும் ஜார்ஜியானாவும் கைநீட்டுவதில்லை; தாயோடு கணப்பருகே அமர்ந்திருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஜேனுக்கு இடமில்லை என்று தாய் முன்பே விலக்கிவைத்துவிட்டாள். வேலைக்காரர்களோ சின்ன எஜமானுக்கு அஞ்சினார்கள்.

சரி, தாய்க்கு ஏன் அத்தனை வெறுப்பு? நெடுநாள் கழித்து மரணப்படுக்கையில் அவளே சொல்கிறாள். கணவருக்குத் தம் சகோதரிமீது அளவற்ற பாசம். அவள் குழந்தையைத் தம் குழந்தைகளைக் காட்டிலும் சீராட்டினார். தம் மக்கள் அதனிடம் வெறுப்புக் காட்டினால் சினந்தார். உயிர் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அதை வளர்ப்பதாக மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்போது ஜானுக்கு ஐந்து வயதிருக்கலாம். நல்ல மனிதர் ரீட் துரை, ஐயமில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் சினந்தால் அன்பு வந்துவிடுமா? அவர் சென்ற பின், கசந்துபோன தாயின் சொல்லே அவ்வீட்டில் நிலைத்தது.

நானும் ஒரு தாய்மாமன். என் தமக்கை மகன் இரண்டாண்டுகளாக எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கிப் படிக்கிறான். ஒரு நாள் காலையில் என் இளைய மகன் அவனிடம், “உன்னால்தான் பால் கணக்கு ஏறுகிறது” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. முந்தைய மாதம் பால்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, அதே வார்த்தையை என் மனைவியிடம் சொன்னவன் நானேதான். அவள் பதில் ஒன்றும் பேசவில்லை.

அன்று முதல் அந்தப் பையன் தனக்குப் பால் பிடிக்காது என்கிறான். நாங்கள் எவ்வளவு வற்புறுத்தியும், இன்றளவும் தொடவில்லை.