தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு

(மல்லாங்கிணறில் மாணவர்கள், இளைஞர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



தரங்கம்பாடிக்கு ஒரு வேன் பிடிச்சுப் போறதா முடிவு பண்ணியிருக்கீங்க. நல்ல முடிவு. நம்ம கரிசக்காட்டுச் சனம் கடலைப் பார்க்கிறது எப்பவாவதுதான். பட்டாசு ஆலையிலயும் தீப்பெட்டி ஆபீசுலயும் வேலை செஞ்ச கூலியில மிச்சம் பிடிச்சுக் கொடுத்த காசு இது. அதனால போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிக்குவோம்.

தரங்கம்பாடி காரைக்காலுக்கு வடக்கே, இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிற மீனவர் ஊர். சுற்றுலாக்காரங்க உங்களுக்குக் கோட்டையைக் காட்டுவாங்க, தேவாலயத்தைக் காட்டுவாங்க, கடல் காத்து நல்லா இருக்கும்பாங்க. எல்லாத்தையும் பாருங்க, போட்டோ எடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா மூணு கேள்வியையும் கையோடு கொண்டு போங்க. இதை யார் உழைப்பில் கட்டினார்கள்? யாரை விற்றார்கள்? யாரை எதுவரைக்கும் உள்ளே விட்டார்கள்?

முதல்ல ஊர்க் கதையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். கடலோரமா இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அலை அரிச்சு அரிச்சுப் பாதிக் கோயில் போயிடுச்சு. அந்தக் காலத்தில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பேர். 1620இல் டென்மார்க் கப்பல்கள் வந்தன. ஓவே ஜெட்டே என்கிற தளபதி தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஊரை வாங்கி, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தான். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதின கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமா இருக்கு. அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவன், சுண்ணாம்பு இடிச்சவள், இவங்க பேரை எந்தத் தகட்டிலும் யாரும் எழுதி வைக்கல. 225 வருசம் கழிச்சு, 1845இல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நிலத்தோடு சனத்தையும் சேர்த்துத்தான் கைமாற்றினார்கள். அந்தச் சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் மனுசங்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். டச்சுக்காரனும் செய்தான், டேனிஷ்காரனும் செய்தான். பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போகிறவன் யார்? நிலம் இல்லாதவன். ஏற்கெனவே பண்ணையில் அடிமையாக் கிடந்தவன். கோட்டைக்குள்ளே நடக்கும்போது கிடங்கு அறைகளைப் பார்ப்பீர்கள். மிளகும் துணியும் மட்டுமே அந்தத் துறைமுகத்தின் சரக்கு என்று நினைச்சிட்டு வந்துடாதீங்க.

இப்போ தேவாலயம். 1706 ஜூலையில் பர்த்தலோமியோ சீகன்பால்கு என்கிற ஜெர்மன் பாதிரியார் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 24 வயசு. அவருக்குச் சேர வேண்டிய மரியாதையை நாம் குறைக்க வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் அவர். டேனிஷ் அதிகாரியோடு மோதி, கோட்டைக்குள்ளேயே நாலு மாசம் சிறை இருந்தவர். அச்சு எந்திரம் வரவழைத்து, தமிழ் எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தவர். காலண்டரும் டைரியும் அடிக்கிற சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரங்க நாம. அச்சுக் கோர்க்கிற கை என்ன பாடுபடும்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

அவரிடம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் தெரியுமா? 1707 மே மாதம், ஐந்து பேர். ஐந்து பேரும் டேனிஷ் எசமானர் வீட்டு அடிமைகள். இந்தியாவின் புராட்டஸ்டண்ட் சபைக்கு அஸ்திவாரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்த அஸ்திவாரம் ஐந்து அடிமைகள். 1718இல் கட்டின புது எருசலேம் ஆலயத்துக்குப் போவீர்கள். சீகன்பால்கு கல்லறை உள்ளேதான் இருக்கு. ஆனா அந்தச் சபையில் வேளாளர் முதலான சாதிக் கிறித்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறித்தவர்கள் ஒரு பக்கமுமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஒரே சாமி, ஒரே வேதம், ஒரே கூரை. உட்காருகிற இடம் மட்டும் இரண்டு.

மூன்றாவது கேள்விக்கு ஒரு மனுசனை வைத்தே பதில் சொல்கிறேன். அவர் பேர் ராஜநாயக்கன். பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க, அவர் பறையர். தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்த வீரர். கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே படித்தார். படையில் இருந்தவன், பறையன், தனியாக உட்கார்ந்து அச்சுப் புத்தகம் படித்திருக்கிறான். நடந்தது 1720களில். “உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ்காரன் வந்தப்புறம்தானே எழுத்து வந்துச்சு” என்று சொல்கிறவனிடம் இதைச் சொல்லுங்கள். படையை விட்டு உபதேசியாராகி, அடியும் மிரட்டலும் தாங்கி, தஞ்சாவூர்ச் சீமை முழுக்க நடந்து சபைகளைக் கட்டினார்.

1733இல் முதல் தமிழ்க் குருவை நியமிக்க மிஷன் முடிவெடுத்தது. ராஜநாயக்கன் பேரும் அடிபட்டது. ஆனால் அபிஷேகம் பெற்றவர் ஆரோன். கடலூர்க்காரர், வேளாளர். ஆரோனின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனா ராஜநாயக்கனை ஏன் ஒதுக்கினார்கள் என்பதை மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய பக்தியில் குறை சொல்லவில்லை, அறிவிலும் குறை சொல்லவில்லை. பறையர் ஒருவர் கையால் திருவிருந்து கொடுத்தால், மேல்சாதிக் கிறித்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின் மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள். பிரசங்கம் பண்ணலாம், அடி வாங்கலாம், ஊர் ஊராக நடக்கலாம். கிண்ணத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சாகும்வரை அவர் உபதேசியார்தான்.

தோழர்களே, டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் என்றால் என்னவென்று நம்ம அப்பா, தாத்தாவுக்குத் தெரியும். நம்மில் சிலருக்கும் தெரியும். அந்தக் கிளாசும் 1733இன் அந்தக் கிண்ணமும் ஒரே பட்டறையில் செய்தவைதான். அது அதோடு முடியவும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் நூற்றுக்கணக்கான சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். சாமியை விட்டாலும் விடுவேன், சாதியை விடமாட்டேன் என்பதுதான் இதற்கு அர்த்தம். கத்தோலிக்கப் பக்கமும் இதே கதைதான். 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற சில பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாங்க, சர்ட்டிபிகேட்டில் இந்து என்று இருக்கும். ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் மத நிபந்தனையையே எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022இல் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2024 நவம்பரில், கிறித்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்ல முடியாது என்று உச்சநீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அரசாங்கம் சொல்கிறது: நீ கிறித்தவன், உனக்குச் சாதி கிடையாது. சபை சொன்னது: நீ பறையன், உனக்குக் கிண்ணம் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறவன் ராஜநாயக்கன். அவனுக்கு இப்போதும் இருபது வயசுதான், சர்ட்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்கிறான்.

கடைசியா கடற்கரை. மீனவர்களைப் பார்க்கும்போது அவர்களும் உழைக்கிற சனம் என்பதை மறக்காதீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரை பிணக்காடாக் கிடந்தது. படகும் வலையும் பிள்ளைகளும் போன வீடுகள் அவை. அந்தத் துயரத்தின் முன்னால் தலை குனிந்து நில்லுங்கள். அதே சமயம் இன்னொன்றையும் கேளுங்கள். மீன் சுமந்தும், உப்பளத்திலும் வயலிலும் கூலி பார்த்தும் பிழைத்த சேரிச் சனத்துக்கு அப்போது என்ன கிடைத்தது? படகு இல்லாதவனுக்குப் படகு நட்டஈடு கிடையாது என்று கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். நாகை மாவட்ட முகாம்களில் சாப்பாட்டு வரிசையிலும் தண்ணீரிலும் தீண்டாமை இருந்தது அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. அழுகின பிணங்களை எடுக்க வெளியூர்களிலிருந்து யாரைக் கொண்டுவந்து இறக்கினார்கள்? துப்புரவுத் தொழிலாளர்களை. பெரும்பாலும் நம் அருந்ததியர் தோழர்களை. கடல் சாதி பார்க்காமல்தான் அடித்தது. கரையேறினதும் சாதியும் கூடவே கரையேறிடுச்சு.

அதனால போங்க. ஆளுக்கொரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. ராஜவீதியில் இருக்கிற பலகையை எல்லாம் படிங்க. எந்தப் பலகையில் யார் பேர் இருக்கு, யார் பேர் இல்லை என்று குறிச்சுக்கோங்க. மீனவர் தெருவிலும் உட்கார்ந்து பேசுங்க, சேரியிலும் உட்கார்ந்து பேசுங்க. பெரியவங்களை, முக்கியமா வயசான பொம்பளைகளைப் பேச விடுங்க, குறுக்கே பேசாதீங்க. திரும்பி வந்து அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் அஞ்சு நிமிசம் வாசிக்கணும். நம்ம ஊர்ப் பட்டாசு ஆலைகளில் வெந்து செத்தவர்கள் பேரையும் இதே மாதிரி நாமதான் எழுதணும். சிவகாசியைக் குட்டி ஜப்பான்னு சொல்றவன் அதை எழுத மாட்டான். அதுக்கு இது பழக்கம்.

ஜெய்பீம்.