வேலியும் வாய்மையும்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கச் செல்பவர் முதலிற் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பார். பின்பு சுவரையும் கூரையையும் பார்ப்பார். வேலியை நின்று நோக்குபவர் சிலரே. கிளுவையும் பூவரசும் தளிர்த்து, ஓலை அடைத்து ஒழுங்காக நிற்கும் வேலியைக் கண்டால், காணி அதுவரை உள்ளது என்றே எவரும் கொள்வர். ஆனால் உறுதியில் எழுதப்பட்ட எல்லை வேறு. நிலத்தில் நிற்கும் வேலி வேறு. இரண்டும் எப்பொழுதும் ஒன்றி நிற்பதில்லை.

இதற்குக் காரணம் எப்போதும் வஞ்சகம் அன்று. பட்டுப்போன கதியாலுக்குப் பக்கத்திற் புதுக்கதியால் நடப்படுகிறது. அது அப்புறம் சாய்வதும் இப்புறம் சாய்வதும் நடுபவர் கையைப் பொறுத்தது. இவ்வாறு 100 அடி நீளமான வேலி ஒன்றரை அடி விலகினால், விலகிய நிலம் 150 சதுர அடி. ஏறக்குறைய ஒரு குழி. ஒரு பரப்புக்கு 18 குழி என்னும் கணக்கில், இது சிறிதெனத் தள்ளக்கூடியதன்று.

நேயர்கள் ஓர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்ளலாம். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் கிழக்கு வேலி, அயலவரின் காணிக்குள் ஒன்றரை அடி சென்று நிற்கிறது. அது அங்கே சென்ற வகை மூன்றாக இருக்கலாம். அயலவர் கேட்டவுடன் மனமுவந்து இடம் விட்டிருக்கலாம். வேலியை நேராக்கும் பொருட்டு இருவரும் வாய்ப்பேச்சால் நிலத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். அல்லது எவரையும் கேளாமல் வேலி நகர்த்தப்பட்டிருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே வேலி. சட்டத்தின் கண்ணுக்கோ மூன்றும் வெவ்வேறானவை.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேற வேண்டும். ஆதலால் வாய்ப்பேச்சு மட்டும் நிலத்தை மாற்றிவிடாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமோ, பிறர் உரிமைக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறின்றியும் இடையறாமலும் நிலத்தை ஆண்டவர்க்குத் துணை நிற்கிறது. எனினும், அயலவரின் அனுமதியால் நிலத்தை ஆள்பவர், அந்த அனுமதியின் கீழ் இருக்குமட்டும், ஆண்டுகளை எண்ணி உரிமை கோர இயலாது.

ஆகவே வழக்கு முழுவதும் ஒரு வினாவிலே தங்குகிறது: வேலி அங்கே எவ்வாறு வந்தது? கதியால் அதற்கு விடை கூறாது. நில அளவையாளர் வேலி நிற்கும் இடத்தை அளந்து காட்டுவார். அது நின்ற வரலாற்றை அவர் அறியார். அதனை அறிந்தவர்கள் இருவரே. ஒருவர் அயலவர், மற்றவர் விற்பவர். விற்பவர் வாய்திறவாது பணத்தைப் பெற்றுச் சென்றால், வாங்கியவர் அயலவரின் வாயிலிருந்தே அவ்வரலாற்றை முதன்முறை கேட்பார். அதுவும் பெரும்பாலும் சண்டையின் நடுவிலே.

"கேட்டாற் சொல்லியிருப்பேன், கேளாததை நானாகச் சொல்வானேன்?" என்று வாதிப்பவர் உளர். தாம் அறியாத ஒன்றை எவரும் கேட்பதெங்ஙனம்? நம் நாட்டிற் காணி விற்பனையை ஆளும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, விற்ற காணியில் வேறொருவர் மேலான உரிமை நாட்டி வாங்கியவரை வெளியேற்றினால், அதற்கு விற்றவர் பொறுப்பாளி. குறையை அறிந்தே மறைத்தவரின் பொறுப்பு இன்னும் கடியது.

வடக்கிலும் கிழக்கிலும் இக்கடமை இன்று மேலும் கனத்தது. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபோது வேலிகள் அழிந்தன; எல்லை அறிந்த முதியோர் பலர் மறைந்தனர். காணியை விட்டகன்ற காலம் அவர்களுக்கே எதிராக எண்ணப்படலாகாது என்ற நோக்குடன் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. திரும்பி வந்தோர் நினைவைக் கொண்டே புதுவேலி அடைத்த இடங்களும் உண்டு. அத்தகைய வேலியைக் காட்டி விற்பவர், அது எவ்வாறு அமைந்தது என்பதையும் கூறிவிடுதல் நன்று.

செய்யவேண்டியது பெரிதன்று. விலை பேசுமுன் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, உறுதியோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருப்பின் அயலவரை அழைத்துப் பேசலாம். அவர் இணங்கினால் நொத்தாரிசு முன்னிலையிற் பரிவர்த்தனை உறுதி எழுதிக்கொள்ளலாம். இணங்காவிடின், உறுதிக்குட்பட்ட நிலத்தை மட்டும் விற்று, மிகுதியைப் பற்றி வாங்குபவருக்கு எழுத்தில் அறிவிக்கலாம்.

இதனால் விலை சிறிது குறையலாம். ஆயினும் வீட்டை விற்றவர் வேறிடம் போய்விடுவார். வாங்கியவரோ அந்த அயலவருடன் ஒரே ஒழுங்கையிற் பல்லாண்டு வாழ வேண்டியவர். நோய்க்கும் சாவுக்கும் முதலில் ஓடிவரக்கூடியவர் அந்த அயலவரே. ஒரு குழி நிலத்தின் விலைக்காக அந்த உறவையும் சேர்த்து விற்றுவிட எவருக்கும் உரிமை இல்லை.