கதைக்குச் சாட்சி எங்கே?

(பதுளைக் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி கூறுவோன் குறுக்கு விசாரணைக்கேனும் அஞ்ச வேண்டும். கைத்தொலைபேசியில் உலவும் சதிக்கதைகளுக்கோ அந்த அச்சமும் இல்லை. குற்றச்சாட்டும் அவையே, சாட்சியும் அவையே, தீர்ப்பும் அவையே!

அம்பாறையை நினைத்துப் பாருங்கள். 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, முஸ்லிம் உணவகமொன்றில் உண்ண வந்தவர், கறியில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார். கும்பல் கூடிற்று. சிங்களம் நன்கறியாத காசாளரைச் சூழ்ந்து மிரட்டிற்று. அவர் தடுமாறி உதிர்த்த சொல் ஒப்புதல் வாக்குமூலமாகப் படம்பிடிக்கப்பட்டு, முகநூல் வழியே நாடெங்கும் பரவிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அக்கட்டி வெறும் மாவு! உண்டவரை மலடாக்கும் அத்தகைய மாத்திரையே உலகில் இல்லை என்றனர் மருத்துவர். ஆயினும் மார்ச் மாதத்தில் திகணை எரிந்தது. அங்கே சாரதியொருவரின் மரணம் தீப்பொறி. இக்கதையோ முன்னரே குவித்து வைத்த சருகு.

அச்சுறுத்திப் பெற்ற ஒப்புதலை ஏற்காதே என்கிறது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 24ஆம் பிரிவு. கண்டதைக் கண்டவனே வந்து சொல்லட்டும் என்கிறது 60ஆம் பிரிவு. இவ்விரண்டு விதிகளை மதித்திருந்தால் அம்பாறைக் கதை அன்றிரவே மாண்டிருக்கும்.

மாளவில்லை, வேறு உடை அணிந்து வந்தது. 2019 மே மாதத்தில், நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று குருநாகல் மருத்துவர் ஷாபி மீது பழி எழுந்தது. அவர் சிறை சென்றார். குற்றப் புலனாய்வாளர் தேடியும் சான்று கிட்டவில்லை. கதை கட்டியோர் சளைத்தார்களா? சான்றை மறைத்துவிட்டார்கள் என்றனர். இதுவே சதிக்கதையின் சூட்சுமம். உண்மையானதோர் அச்சம், நாமறிந்த ஓர் அயலான், கண்ணுக்குப் புலப்படாத ஒரு திட்டம்: இம்மூன்றையும் முடிந்துவிட்டால், சான்றின்மையே சான்றாகிவிடும்.

நம் ஊவாவும் இதன் விலையைக் கொடுத்திருக்கிறது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் முதல்நாள் எழுந்த முறுகல், இரவோடிரவாக வதந்தியாய் ஊரெங்கும் பரவிற்று. சுவரொட்டிகள் முளைத்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் காலை, பொலிசார் நிற்கவே, இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் தண்டிக்கப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். அன்று முகநூல் இல்லை, வாய்மொழியே போதுமானதாயிருந்தது.

தோழர்களே, பிறர் கட்டும் கதையைப் பழித்துவிட்டு, நாம் கட்டும் கதையைப் பரப்பலாமா? நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்கு இரகசியத் திட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் பட்டப்பகலில் நிறைவேறியது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்டே உடன்பட்டனர். நம் வழக்கு பகிரங்க ஏடுகளில் இருக்கிறது. சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் நாளை நாம் குரலெழுப்பும்போது, 'இதுவும் ஒரு வதந்தி' என்று எதிரி கைதட்டிச் சிரிக்க நாமே இடங்கொடுக்கலாமா?

ஆகவே, ஒரு செய்தியைக் கைமாற்றுமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். கண்டவர் யார்? அவர் தம் பெயரைச் சொல்லி நிற்பாரா? என்ன சான்று வந்தால் இது பொய்யென்று ஒப்புவோம்? எச்சான்றுக்கும் வீழாத கதை உண்மையன்று, அது வலை. வெலிமடை உழவர் விதையைச் சோதித்தே மண்ணில் இடுகிறார். சொல்லும் விதையே. சோதித்து விதைப்போம்!