சிறு வியாபாரிகளும் முன்ஜாக்கிரதையும்

(நமது சங்கத்தின் வியாபாரிகள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வியாபாரமே நமது சமூகத்தாரின் ஜீவாதாரம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புதுக் கடை திறக்கும் நாளில் தோரணம் கட்டுகின்றோம். பந்துமித்திரர்களை அழைத்து உபசரிக்கின்றோம். அவ்வுற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அக்கடையைக் காப்பாற்றுவதில் காட்டுகின்றோமா? கடை மூடப்படுங் காலத்தில் கிரகத்தின் மேலும், கண்ணேற்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகின்றோம். நாம் அறிந்த அளவில், மூடப்பட்ட கடைகளிற் பெரும்பாலானவை முதல் இல்லாமையால் மூடப்படவில்லை. முன்யோசனை இல்லாமையாலேயே மூடப்பட்டன. ஆகையால் இன்று லாபத்தைப் பற்றிப் பேசுவதினும் நஷ்டத்தைத் தடுப்பதைப் பற்றிப் பேசுவதே நலமென்று கருதுகின்றோம்.

இதற்கு நம் குடும்பத்தில் நிகழ்ந்ததொரு சம்பவத்தையே திருஷ்டாந்தமாகச் சொல்லுகின்றோம். நமது சிறிய தந்தையார் ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடையில் இருபது லக்ஷ ரூபாய்ச் சரக்கு இருந்தது. பாங்கியில் எட்டு லக்ஷம் கடன். அக்கடனுக்காகப் பாங்கியார் எட்டு லக்ஷத்துக்கு நெருப்பு இன்ஷியூரன்ஸ் எடுக்கச் சொன்னார்கள். மீதிச் சரக்குக்கும் சேர்த்து எடுக்கலாமா என்று அவர் நம்மைக் கேட்டார். "பிரீமியம் வீண் செலவு, எட்டு லக்ஷம் போதும்" என்று யோசனை சொன்னவர் நாமே. 2012-ஆம் ஆண்டில் ஓரிரவு மின்சாரக் கம்பியிலிருந்து தீப்பற்றிப் பாதிச் சரக்கு, அதாவது பத்து லக்ஷம் பெறுமானமுள்ளது, சாம்பலாயிற்று. இன்ஷியூரன்ஸ் எட்டு லக்ஷத்துக்கு இருக்கிறதே, எட்டும் வந்துவிடும் என்று நம்பினோம். வந்தது நான்கு லக்ஷமே!

காரணம் யாதெனில், இருபது லக்ஷச் சரக்கில் எட்டு லக்ஷத்துக்கு மட்டும் இன்ஷியூர் செய்தவன் மீதிப் பன்னிரண்டு லக்ஷத்துக்குத் தானே ஜவாப்தாரி என்பது சராசரி விதி. ஐந்தில் இரண்டு பங்கு இன்ஷியூர் செய்தோம். ஆகவே நஷ்டத்திலும் ஐந்தில் இரண்டு பங்கே கிடைத்தது. அந்த நான்கு லக்ஷமும் கடன் கணக்கில் நேரே பாங்கிக்குச் சென்றது. சிறிய தந்தையார் கைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே நம் மனத்தை இன்றளவும் வருத்துகின்றது.

ஆதலின் முதலாவது விஷயம் இது. இன்ஷியூரன்ஸ் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்குமுன் ஒருமுறை வாசியுங்கள். தொகை கடனுக்குச் சரியாக இருக்கின்றதா என்று பாராமல், சரக்கின் முழு மதிப்புக்குச் சரியாக இருக்கின்றதா என்று பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கு இரட்டிக்கும்போது தொகையையும் உயர்த்துங்கள். புயலும் வெள்ளமும் அதில் அடங்கியுள்ளனவா என்று கேளுங்கள். சொற்பப் பிரீமியம் குறைவதற்காக அவற்றை நீக்கிக்கொள்வாரும் உளர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையில் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்தபோது, நெருப்பையே நினைத்திருந்தவர்களுக்கு நீரும் பகையாகும் என்பது விளங்கிற்று.

இரண்டாவது விஷயம் கடன் கொடுப்பது. தீயில் சரக்கோடு சிறிய தந்தையாரின் பேரேடும் வெந்து போயிற்று. வெளியே நின்ற பாக்கி மூன்று லக்ஷத்துக்கு மேல். யோக்கியர்கள் தாமாகவே வந்து கொடுத்தார்கள். மற்றவர்கள், "கணக்கைக் காட்டுங்கள்" என்றார்கள். காட்டுவதற்குக் கணக்கு எங்கே? கணக்கின் ஒரு பிரதி கடைக்கு வெளியே இருத்தல் வேண்டும் என்பதை அன்று கற்றோம். இக்காலத்தில் கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் கணக்கெழுதும் வசதி வந்துவிட்டபடியால், வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது சிரமமன்று.

அன்றியும், சரக்குக் கடனுக்குச் சட்டம் அளித்துள்ள காலம் மூன்று வருஷமே. அதற்குள் வழக்கிடாவிட்டால், கடன் நியாயமானதாயினும் கோர்ட்டில் வசூலிக்க இயலாது. ஆனால் அக்கெடு முடியுமுன் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் கையெழுத்திடுவானாயின், அன்று முதல் புதிதாக மூன்று வருஷம் கணக்காகும். வருஷந்தோறும் புதுக்கணக்குப் போடும் நாளில் வாடிக்கைக்காரரிடம் பாக்கியை எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் மனஸ்தாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கைத்தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு மற்றொரு விசேஷம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலாளருக்கும் சிறுதொழிலாளருக்கும் சரக்கு வாங்கினவர் நாற்பத்தைந்து நாளைக்கு மேற்படாமற் பணம் செலுத்த வேண்டும். தவறினால் வட்டிக்கு வட்டி கொடுக்க வேண்டும். பதிவு செய்துகொள்ளாதவருக்கு இவ்வுரிமையால் பயனில்லை. பதிவுக்குக் கட்டணமும் இல்லை. பின்னும் ஏன் தாமதம்?

மூன்றாவது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வையாமை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்த வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டனில் அதனோடு தொடர்புடைய கம்பெனி விழுந்தவுடன் இதுவும் விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அழிவேது என்று வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அங்கேயே போட்டு வைத்த எண்ணிறந்த குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாயின. அத்துயரத்திலிருந்தே 1907-ஆம் ஆண்டில் இந்தியன் பாங்கி பிறந்தது. பெயரின் பெருமையைப் பார்த்து முழுவதையும் ஒப்படைப்பவன் இன்றும் இருக்கின்றான். ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கொள்முதல் செய்பவனும், ஒரே பெரிய வாடிக்கைக்காரனை நம்பிச் சரக்குச் செய்பவனும் அத்தகையவரே. அந்த ஒருவர் கைவிட்டால் நம் கதி யாது என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கல்லாவில் வைப்பதும் இக்குற்றத்தின்பாற்பட்டதே. முதலாளியும் தமக்கென ஒரு மாதச் சம்பளம் வகுத்துக்கொண்டு அதற்கு மேல் கல்லாவில் கைவைக்காதிருப்பாராயின், கடையின் உண்மையான ஸ்திதி புலப்படும்.

இனி, சரக்கை விற்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். பெரிய கம்பெனிகள் கைபேசி மூலம் வீட்டு வாசலிலேயே சரக்கைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. நாம் எவ்வாறு நிற்பது என்று இளைஞர்கள் கவலையுறுகின்றனர். கவலை நியாயமானதே. ஆயினும் விலையைக் குறைத்து மட்டும் அவர்களோடு போட்டியிடுவது, சிற்றோடம் கப்பலோடு மோதுவதையொக்கும். பெரிய கம்பெனியால் நஷ்டத்தைப் பல வருஷம் தாங்க முடியும். நம்மால் மூன்று மாதம் தாங்க முடியாது. நம்மிடம் உள்ளது வேறு. இன்ன வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி, இன்ன வீட்டில் தையில் கலியாணம் என்பது நமக்குத் தெரியும். வாடிக்கைக்காரரின் தேவையை அவர் கேட்குமுன் அறிவதே நம் மூலதனம். அதனோடு, கைபேசியில் ஆர்டர் பெற்று வீட்டில் கொடுக்கும் வசதியை நாமும் ஏன் செய்தலாகாது? பணம் கைபேசி மூலம் செலுத்தப்படும்போது மட்டும், செலுத்துபவரின் திரையைக் கண்டு திருப்தியடையாமல், நம் பாங்கிக் கணக்கில் வரவு வந்ததை நிச்சயித்துக்கொண்டே சரக்கைக் கொடுக்க வேண்டும்.

விளம்பரம் வேண்டுவதே. ஆனால் விளம்பரம் வாடிக்கைக்காரரை ஒருமுறை வாசலுக்கு அழைத்து வரும். இரண்டாம் முறை அழைத்து வருவது எடையும் தரமும் சொற்சுத்தமுமே. முறுக்கோ, மசாலாப் பொடியோ, எண்ணெயோ, உங்கள் சரக்குக்கு ஒரு நற்பெயர் ஏற்பட்டுவிடின் அப்பெயரையும் காத்துக்கொள்ளுங்கள். வர்த்தகக் குறியைப் பதிவு செய்தால் பத்து வருஷம் செல்லும். மேலும் பத்துப்பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தந்தையார் பாடுபட்டுச் சேர்த்த பெயரை அயலான் அட்டையில் அச்சிட்டு விற்கும்போது வயிறெரிந்து என்ன பயன்?

நற்பெயர் என்னும் முதல் நெருப்பிலும் வேகாது என்பதற்கு நமது சிறிய தந்தையாரே சாக்ஷி. தீ விபத்துக்குப்பின் நான்கு மாதம் கடை மூடிக் கிடந்தது. மீண்டும் ஒரு சிறு அறையில் பத்தடி அகலத்தில் திறந்தார். அவரிடம் ஒரு தடவையும் அளவு குறைந்த துணி வாங்கியறியாத கிராமத்து மக்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். மொத்த வியாபாரி ஒருவர் பத்திரமில்லாமல் சரக்கு அனுப்பினார். கடை பிழைத்தது. ஆயினும் பழைய நிலைக்கு வர ஏழு வருஷம் சென்றது. நாம் அன்று சிக்கனமென்று சொன்ன சொல்லின் விலை ஒரு மனிதருடைய ஏழு வருஷ உழைப்பு. இனி வேறொரு வீட்டில் இவ்வாறு நேரக்கூடாது என்பதற்காகவே இதனை இச்சபையில் வெளியிட்டோம்.

சகோதரர்களே! தென்னாட்டு வியாபாரிகள், விருதுநகர் முதலிய ஊர்களில், சரக்கின்மேல் சிறு தொகை மகமையாக எடுத்துப் பள்ளிக்கூடங்களைக் கட்டி நடத்தினார்கள். தனியொருவனால் இயலாததைக் கூட்டமாகச் செய்வது நமக்குப் புதிதன்று. ஆகையால் நமது சங்கத்தார் வருஷத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டுமென்று பிரார்த்திக்கின்றோம். அன்று ஒவ்வொரு வியாபாரியும் தம் இன்ஷியூரன்ஸ் பத்திரத்தையும் சரக்கு மதிப்பையும் பாக்கி ஜாபிதாவையும் கொண்டுவரட்டும். கல்லூரியில் வர்த்தகம் கற்ற நம் பிள்ளைகளும் பெண்களும் உட்கார்ந்து பரிசோதித்துக் குறைகளை எடுத்துச் சொல்லட்டும். இதற்குக் கட்டிடம் வேண்டாம், நன்கொடை வேண்டாம்; ஒரு பகற்பொழுதும் சில நாற்காலிகளும் போதும்.

வீட்டிற்குச் சென்றதும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நாளை என்று தள்ள வேண்டாம்.