பாரிஸ்காரியின் அலமாரி: 'அலட்டிக்காத' அழகு எங்கிருந்து வந்தது?

இந்த வாரம் துணி பத்திப் பேசப் போறோம்.

ரீல்ஸ் பார்க்குறவங்களுக்கு 'ஃப்ரெஞ்ச் கேர்ள் ஸ்டைல்' தெரியாம இருக்காது. கோடு போட்ட டி-ஷர்ட், வெள்ளைச் சட்டை, நேரா இறங்குற ஜீன்ஸ், கறுப்பு பிளேஸர், பீஜ் கலர் ட்ரெஞ்ச் கோட், குதிகால் இல்லாத பாலே ஷூ, கழுத்துல ஒரு பட்டு ஸ்கார்ஃப். தலைமுடி மட்டும் இப்பதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்கணும். "இந்த ஏழு இருந்தா போதும், நீங்களும் பாரிஸ்காரிதான்"னு ஒரு குரல் சொல்லும். கீழே ஏழு லிங்க் இருக்கும்.

அந்த ஏழுமே எனக்குப் பிடிக்கும். அதனால கிண்டல் பண்ண வரல. ஆனா முதல் சம்பளம், ரெண்டாவது சம்பளம் வாங்குற வயசுல அந்த லிங்க் வழியா போற காசு சின்னக் காசு இல்ல. அதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. ஏழையும் வாங்கிப் போட்டுட்டு, கண்ணாடி முன்னால நின்னு, "அவளுக்கு வர்றது எனக்கு ஏன் வரல"ன்னு நம்ம உடம்பைக் குறை சொல்றது. இந்த அழகு எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா அந்தக் கேள்வியே கொஞ்சம் மாறிடும்.

கோட்டுல இருந்து ஆரம்பிப்போம். அந்த நீலக்கோடு டி-ஷர்ட்டுக்கு ஃபிரெஞ்சுல 'மரினியேர்' என்று பெயர். 1858 மார்ச் 27 அன்று ஃபிரெஞ்சுக் கடற்படை ஒரு விதிமுறை வெளியிட்டது. மாலுமிகள் உள்ளே போடுற பின்னலாடை எப்படி இருக்கணும்னு அதுல அளவோட சொல்லியிருக்கு. உடம்புப் பகுதியில 21 வெள்ளைக்கோடு, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர் அகலம். நீலக்கோடு 20 அல்லது 21, ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். நெப்போலியனோட 21 வெற்றிகளைத்தான் அந்த 21 கோடு குறிக்குதுன்னு ஒரு கதை ஓடுது. கேட்க நல்லா இருக்கு, ஆனா அது பின்னாடி சேர்ந்த கதை. இதுல கவனிக்க வேண்டியது, இது சாதாரண மாலுமிகளுக்கான உடை. அதிகாரிகளுக்கு இல்லை. அதுக்கும் பல நூற்றாண்டு முன்னாடி, இடைக்கால ஐரோப்பாவுல கோடு போட்ட துணின்னாலே ஒதுக்கப்பட்டவங்க துணிதான். கோமாளி, தண்டனையை நிறைவேத்துறவன், பாலியல் தொழில் செய்றவங்க, இப்படி. மிஷேல் பாஸ்தூரோ என்ற வரலாற்றாசிரியர் கோடுகளைப் பத்தி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கார். ஆக, இன்னைக்கு 'கிளாசிக்'னு விக்கிற துணி ஒரு காலத்துல கப்பல் தொழிலாளியோட பனியன்.

மத்ததும் அப்படித்தான். ட்ரெஞ்ச் கோட் ஃபிரெஞ்சே இல்லை. தாமஸ் பர்பரி என்ற ஆங்கிலேயர் 1879-ல் உருவாக்கிய கேபர்டின் துணியில, முதல் உலகப் போர் அதிகாரிகளுக்காகத் தச்ச கோட் அது. ட்ரெஞ்ச்னா பதுங்குகுழி, பேர்லயே இருக்கு. ஜீன்ஸ் அமெரிக்கத் தொழிலாளிகளோட உடை. செம்பு ரிவெட் அடிச்ச கால்சட்டைக்கு 1873-ல் லெவி ஸ்ட்ராஸும் ஜேகப் டேவிஸும் காப்புரிமை வாங்கினாங்க. கோகோ ஷனேல் 1910-களில் பெண்களுக்கு உடை தச்ச ஜெர்சி துணி, அதுவரைக்கும் பெரும்பாலும் ஆண்களோட உள்ளாடைக்குப் போன துணி. பாலே ஷூ மட்டும் கொஞ்சம் உள்ளூர்ச் சரக்கு. ரோஸ் ரெபெட்டோ நடனக் காலணி செய்றவங்க. பாலே கத்துக்கிட்ட பிரிஜித் பார்தோ கேட்டதால, தெருவுல போடுற மாதிரி ஒண்ணை 1956-ல் செஞ்சு கொடுத்தாங்க.

மாலுமி, சிப்பாய், கூலித் தொழிலாளி, ஆண்களோட பனியன். இதெல்லாம் ஒரே அலமாரியில வந்து சேர்ந்ததுக்குக் காரணம், நூறு வருஷமா பெண்கள் ஆண்களோட அலமாரியில இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டதுதான். அது 'எஃபர்ட்லெஸ்' கிடையாது.

எவ்வளவு கிடையாதுன்னா, 1800 நவம்பர்ல பாரிஸ் காவல்துறைத் தலைமை ஒரு ஆணை போட்டது. ஆண் மாதிரி உடை போட நினைக்கிற பெண், காவல்துறை அலுவலகத்துக்கு வந்து அனுமதி வாங்கணும். உடல்நலக் காரணம் இருக்குன்னா சான்றிதழும் காட்டணும். 1892-லும் 1909-லும் கொஞ்சம் தளர்த்தினாங்க. கையில சைக்கிள் ஹேண்டில்பார் இல்லைன்னா குதிரைக் கடிவாளம் இருந்தா, கால்சட்டை போடலாமாம்! அதுக்கு அப்புறம் அந்த ஆணையை யாரும் அமல்படுத்தலைன்னாலும், காகிதத்துல அப்படியே கிடந்தது. சட்டப்படி அது செல்லாதுன்னு ஃபிரெஞ்சு அமைச்சர் ஒருவர் முறையாச் சொன்னது 2013 ஜனவரியில. ஆமா, 2013. இவ் சேன் லோரான் 1966-ல் பெண்களுக்கு 'லெ ஸ்மோக்கிங்' என்ற கறுப்பு டக்ஸீடோ தச்சப்போ அது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாச்சுன்னு இப்போ புரியும். பெண்கள் போடுற கறுப்பு பிளேஸருக்குப் பின்னால இந்த வரலாறு நிக்குது. ரீல்ல அது 'வெர்சடைல் பீஸ்' என்ற ஒரு வார்த்தையில முடிஞ்சிடுது.

சரி, அந்த 'பாரிஸ்காரி' யாரு? போஸ்டர்ல எப்பவும் வர்ற ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தர் ஜீன் சீபெர்க். கோதார் எடுத்த 'ஆ பூ த ஸூஃப்ல்' படத்துல, ஒட்ட வெட்டின முடியோட, ஷான்ஸெலிஸே சாலையில நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பேப்பர் விக்கிறவங்க. படம் 1960-ல் வெளிவந்தது. சீபெர்க் அமெரிக்கர், அயோவா மாநிலத்துக்காரர். படத்துலயும் அவர் அமெரிக்கப் பெண்தான். இன்னொருத்தர் ஜேன் பர்க்கின். அவர் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர், 1960-களின் கடைசியில பாரிஸ் வந்தவர். கடைசி வரைக்கும் ஆங்கில வாடையோடதான் ஃபிரெஞ்சு பேசினார். உலகமே காப்பியடிக்கிற பாரிஸ்காரிகள்ல முக்கியமான ரெண்டு பேர் பாரிஸ்காரங்களே இல்லைன்னா, அது ரத்தத்துல வர்ற விஷயம் இல்லைங்கிறது தெளிவு.

பர்க்கின் கதையில இன்னும் ஒரு வேடிக்கை. அவர் எங்க போனாலும் கையில ஒரு பிரம்புக் கூடை இருக்கும். 1980-களில் ஒரு விமானப் பயணத்துல பக்கத்து இருக்கையில உட்கார்ந்தவர் எர்மெஸ் நிறுவனத் தலைவர் ழான்-லூயி துய்மா. ஒரு தாய்க்கு வேண்டிய அளவுல நல்ல பை எதுவும் இல்லையேன்னு பர்க்கின் சொல்லப் போக, அங்கேயே படம் போட்டுப் பார்த்தாங்க. அப்படி 1984-ல் வந்ததுதான் 'பர்க்கின் பேக்'. அவர் அதைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கல. ஸ்டிக்கர் ஒட்டினார், நகவெட்டி தொங்கவிட்டார், புடைக்கப் புடைக்க அடைச்சார். அந்த முதல் பை 2025 ஜூலையில பாரிஸ்ல நடந்த சதபீஸ் ஏலத்துல 86 லட்சம் யூரோவுக்குப் போச்சு. கூடையைத் தூக்கிட்டுத் திரிஞ்ச ஒரு பெண்ணோட அலட்சியத்துக்கு இப்போ இதுதான் விலை.

இந்த அலட்சியம், முயற்சி பண்ணாத மாதிரி காட்டிக்கிற முயற்சி, இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு: 'ஸ்ப்ரெட்ஸாத்தூரா'. அதுவும் ஃபிரெஞ்சு இல்லை, இத்தாலியன். 1528-ல் வெளிவந்த அரசவை நடத்தை பத்தின ஒரு நூல்ல காஸ்தில்யோனே எழுதினது. அரசவைக்காரன் எதைச் செஞ்சாலும் கஷ்டப்பட்டுச் செஞ்ச மாதிரி தெரியக் கூடாதுங்கிறார். ஐந்நூறு வருஷத்து ட்ரிக் இது.

பொருள் எதுன்னு பார்த்தாச்சு, ஆள் யாருன்னும் பார்த்தாச்சு. அப்போ அந்தத் தோற்றம் எதுல இருக்கு? என் கணிப்புல முக்கால்வாசி அளவுலயும் பராமரிப்புலயும் இருக்கு. பாரிஸ் குடியிருப்புப் பகுதிகள்ல நடந்தா 'ரெத்தூஷ்'னு போர்டு வெச்ச சின்னச் சின்னக் கடைகள் கண்ணுல படும். நம்ம ஆல்ட்ரேஷன் கடைதான். பக்கத்துலயே செருப்புத் தைக்கிற 'கோர்தொனெரி' இருக்கும். 2023 நவம்பரில் இருந்து, துணி, செருப்பு ரிப்பேருக்குப் பில்லுல 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி தர்ற திட்டம்கூட நாடு முழுக்க ஓடுது. ரெடிமேடா வாங்கின சட்டை நம்ம உடம்புக்குன்னு தச்ச மாதிரி தெரியுறதுக்குக் காரணம், பல நேரம் யாரோ ஒருத்தர் ஊசியை எடுத்ததுதான்.

இதை அப்படியே எடுத்துக்கலாம், ஒரு ரூபாகூட ஃபிரான்ஸுக்குப் போக வேண்டாம். சட்டையோ பிளேஸரோ வாங்கும்போது தோள்பட்டை மட்டும் சரியா உட்காருதான்னு பாருங்க. இடுப்பைப் பிடிக்கிறது, கை நீளத்தைக் குறைக்கிறது, கால்ல மடிச்சு அடிக்கிறது எல்லாம் டெய்லருக்கு அரை மணி வேலை. தோள்ல கை வெச்சா மொத்தத்தையும் பிரிக்கணும், செலவும் அதிகம், பெரும்பாலும் சரியாவும் வராது. வெள்ளைச் சட்டைன்னா உள்ளே கையை விட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. விரல் பளிச்சுன்னு தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. கோடு போட்ட டி-ஷர்ட்ல பக்கத் தையல்ல முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சேருதான்னு பாருங்க. சேர்ந்தா, துணியை வெட்டினவங்க பொறுமையா வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

விலையைப் பத்தி ஒரு சின்னக் கணக்கு. 2,400 ரூபா சட்டையை 80 தடவை போட்டா, ஒரு தடவைக்கு 30 ரூபா. சேல்ல 600 ரூபாய்க்கு வாங்கின டாப்பை நாலு தடவை போட்டுட்டுத் தூக்கிப் போட்டா, ஒரு தடவைக்கு 150. இந்தக் கணக்குல ஒரு ஓட்டையும் இருக்கு: அந்த 2,400-ஐ மொத்தமா எடுத்து வைக்க முடியாதவங்களுக்கு இது வெறும் அட்வைஸ். அவங்களுக்கு நான் சொல்றது, புதுசா எதுவும் வாங்காம, இருக்கிறதுல நல்லா இருக்கிற ரெண்டை டெய்லர்கிட்ட கொடுங்க. நூறு, இருநூறுல முடியும். ட்ரெஞ்ச் கோட் யோசனையில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு: அது பாரிஸோட அக்டோபர் குளிருக்கும் தூறலுக்கும் தச்ச உடை. நம்ம மே மாசம் வேற.

இன்னொரு விஷயம் சொல்லணும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. நேவி, கறுப்பு, வெள்ளை, பீஜ் மட்டும்தான் ஃபிரெஞ்சு ரசனைன்னு இப்போ ஒரு நினைப்பு. பதினேழாம் நூற்றாண்டு ஃபிரெஞ்சுப் பெண்கள் பைத்தியமா அலைஞ்சது பூப்போட்ட, கொடிபோட்ட, சிவப்பும் நீலமுமான பருத்தித் துணிக்கு. அதுக்குப் பேரே 'அந்தியேன்', இந்தியத் துணி. அதுல பெரும் பங்கு நம்ம சோழமண்டலக் கரையில, கைல வரைஞ்சு சாயம் ஏத்தின துணி. ஃபிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில காலூன்றின காலம் அது. துவைச்சாலும் சாயம் போகாத அந்த வித்தை அங்க யாருக்கும் தெரியாது. உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சல் போட, 1686-ல் அரசு இந்தத் துணியையே தடை பண்ணிடுச்சு. இறக்குமதி கூடாது, காப்பியடிச்சு அச்சடிக்கவும் கூடாது. அபராதம், பறிமுதல் எல்லாம் இருந்தும் கடத்தல் நிக்கல, அரண்மனைப் பெண்களே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. தடையை எடுத்தது 1759-ல். அடுத்த வருஷமே ஓபெர்காம்ஃப் என்பவர் ஷூயி-ஆன்-ஷொஸா ஊர்ல அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். 'த்வால் த ஷூயி'னு இன்னைக்கு ஃபிரெஞ்சு கிளாசிக்கா விக்கிற துணியோட பூர்வீகம் இதுதான். ஃபிரெஞ்சு ஸ்டைல் பண்ணணும்னா உங்க அம்மாவோட பூப்போட்ட காட்டன் புடவையை வெட்டி ஒரு ஸ்கார்ஃப் தச்சுக்கலாம், வரலாற்றுல ஒரு தப்பும் இல்ல. அம்மாகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க.

பாரிஸ்ல இன்னைக்கும் பாருங்க. கார் து நோர் ரயில் நிலையத்துல இருந்து கொஞ்சம் வடக்கே நடந்தா லா ஷப்பல். ஈழத்தில் இருந்து போய்க் குடியேறின தமிழர்களோட கடைத்தெரு. புடவைக் கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் வரிசையா இருக்கு. ஆகஸ்ட் கடைசி வாக்குல பிள்ளையார் தேர் வரும்போது, பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வெச்சு, கீழே ஸ்னீக்கர்ஸ் போட்ட பெண்களைத் தெரு முழுக்கப் பார்க்கலாம். அங்கிருந்து மேற்கே நடக்குற தூரத்துல ஷாத்தோ ரூஷ், ஆப்பிரிக்க வாக்ஸ் பிரிண்ட் துணியை அடுக்கி வெச்ச கடைகள். இவங்க எல்லாருமே பாரிஸ்ல வாழ்ற பெண்கள்தான், பலர் அங்கேயே பிறந்தவங்க. 'பாரிஸ்காரி மாதிரி உடுத்துவது எப்படி'ங்கிற எந்த லிஸ்ட்லயும் இவங்க வரமாட்டாங்க. அந்த லிஸ்ட்ல வர்ற பெண் எப்பவும் ஒல்லியா, வெள்ளையா, நல்ல ஏரியாவுல வீடு வெச்சிருக்கிறவளா இருப்பா. அவளுக்குக் கலைஞ்ச முடி 'சிக்'. லா ஷப்பல்ல ஹோட்டல் வேலைக்கு ஓடுற பெண் அதே கலைஞ்ச முடியோட போனா, யாரும் படம் எடுத்துப் போடமாட்டாங்க. கண்ணாடி முன்னால நின்னு உடம்பைக் குறை சொல்றவங்க இதை ஒருவாட்டி யோசிக்கணும்.

அடுத்த எபிசோட்ல சாயம். அந்த அந்தியேன் துணியில சிவப்பு எப்படிப் பிடிச்சது, சாயவேர்னா என்னன்னு விரிவாப் பேசலாம். அதுவரைக்கும் அலமாரியில போடாம கிடக்கிற சட்டையை எடுத்து, தோள்பட்டை சரியா இருக்கான்னு பாருங்க. இருந்தா டெய்லர் கடைக்குப் போயிட்டு வாங்க.